கப்பல் அண்ணையின் நாளை விவரம்

சொகுசுக் கப்பல் எதிலும் நான் ஏறியதில்லை. இனி ஏறுகிற யோகம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் பனிக்கடலுக்குப் போகிற, நூறு பேர் மட்டும் ஏறுகிற பணக்காரச் சின்னக் கப்பலில் ஏறினால் என்னென்ன நடக்கும் என்று கேளுங்கள், நித்திரையில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவேன். வாசலில் ஈரத் துவாய் தருவார்கள், கையால் அல்ல, இடுக்கியால். சாப்பாட்டுக்கு முன்னமே ஆபத்துப் பயிற்சி. அறைக்குள் போனால் துவாயில் மடித்த மிருகம் ஒன்று கட்டிலில் குந்தியிருக்கும். பின்னேரம் மணி அடித்து, நாளைக்கு என்ன நடக்கும் என்று விவரம் சொல்லுவார்கள். தீவில் இறங்கிவிட்டுத் திரும்பினால் சப்பாத்தைக் கழுவாமல் உள்ளே விடமாட்டார்கள். கழுவிய பிறகு குடிக்கச் சூடாக ஒன்று.

இதெல்லாம் நான் படித்தது யாழ்ப்பாணத்து அரியாலையில், வேலிகளுக்கு நடுவே போகிற எங்கள் ஒழுங்கையில். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, மின்சாரம் இல்லை, சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில். படிப்பித்தவர் கப்பல் அண்ணை.

அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது, ஆனால் ஒழுங்கையில் யாரும் அதைப் பாவிக்கவில்லை. குருநகர்க்காரர், கடற்கரை ஆள். அந்தக் கப்பலில் அறைகளைப் பார்க்கிற வேலை. தங்கச்சியின் கலியாணத்துக்கு லீவில் வந்தவர், சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட, உள்ளே அகப்பட்டுக்கொண்டார். குருநகரில் ஷெல் விழத் தொடங்கியதும் சனம் எழும்பி ஓடியதில், மனைவியையும் இரண்டு பெட்டியையும் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வளவுக்குக் குடிவந்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போனது. அவர் கப்பலை விடவில்லை.

வெள்ளைச் சேட்டுக்குக் கஞ்சி போட்டு, தேய்க்க மின்சாரம் இல்லாததால் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்து எழும்பி, அதைப் போட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்கே போவார். நடக்கும்போது இரண்டு காலையும் கொஞ்சம் அகட்டி வைப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் வாய்க்கு ஊரே வரி கட்டவேண்டும். "தரை ஆடாட்டி இவருக்கு நடக்கத் தெரியாது பிள்ளை," என்பார்.

அவர்கள் வீட்டுக்கு முதல் நாள் நான் போனபோது, வாசலில் ஒரு சட்டியில் உப்புத் தண்ணீர். காலை நனைத்துவிட்டு வரச் சொன்னார். பிறகு அடுப்பில் கரி எடுக்கிற இடுக்கியால் ஒரு ஈரத் துண்டை நீட்டினார். நான் முழிசினேன்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. முகத்தைத் துடையுங்கோ. பேந்து இதிலை இருங்கோ. அஞ்சு நிமிசத்திலை தேத்தண்ணி வரும். குடிச்சு முடிய நாய் வந்து மணந்து பாக்கும். கடியாது."

எல்லாம் அந்த ஒழுங்கிலேயே நடந்தது. நாய்கூட வந்தது.

அதுதான் மனிதர். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாமல் அவருக்கு எதையும் செய்யத் தெரியாது. "மனுசருக்குக் கடல் பயமில்லை தங்கச்சி, தெரியாததுதான் பயம். அடுத்தது என்ன எண்டு சொல்லிப்போட்டா, கொட்டுற மழைக்குள்ளையும் வெள்ளைக்காறன் சிரிச்சுக்கொண்டு இறங்குவான்," என்பார்.

ஆகவே தினமும் பின்னேரம் ஐந்தரை மணிக்கு வாசல் படலையடியில் நின்று ஒரு பித்தளைப் பேணியைக் கரண்டியால் தட்டுவார். அதற்குப் பெயர் நாளை விவரம். முதல் கிழமை நாங்கள் போனது சிரிக்கத்தான். பின்னே என்ன, நாளைக்கு உயிரோடு இருப்போமா என்பதே தெரியாத ஊரில், ஒரு மனிதர் இடது முழங்கையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாளையைப் பற்றி அறிவிக்கிறார்!

"நாளைக்குக் காலமை சோளகக் காத்து. உடுப்புத் தோய்க்கிறவை வெள்ளனத் தோயுங்கோ. சங்கக்கடையிலை பருப்பு வருமெண்டு தங்கச்சி சொல்லுறா..."

"நான் எப்ப சொன்னனான்? வந்தால் வரும் எண்டுதான் சொன்னனான்!" கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அடுத்த நாள் சனத்திடம் வாங்கிக் கட்டப்போவது நானல்லவா?

"வராட்டி ரெண்டாந் திட்டம். மூலை வளவு முருங்கையிலை காய் முத்திப்போய் நிக்குது. குண்டுபோடப் பொம்மர் வந்தா மூண்டாந் திட்டம். அது எல்லாருக்கும் தெரியும்."

"இராச் சாப்பாடு என்ன எண்டு சொல்லவில்லை," என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவார். "சமைக்கிறது நான், மணி அடிக்கிறது இவர்!"

மூன்றாந் திட்டம் பதுங்குகுழி. ஒழுங்கைக்குப் பொதுவாக ஒரு குழி வெட்டியிருந்தோம். அதற்குள் யார் முதலில், யார் எங்கே, யாருடைய கையில் தண்ணீர்ப் போத்தல் என்று அண்ணை பயிற்சி வைத்தார். வெட்கக்கேடு என்று நாங்கள் முனகிக்கொண்டே இறங்கினோம். இரண்டு கிழமை கழித்துப் பொம்மர் வந்தபோது அவர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் நுரை. அப்படியே வந்து குழி வாசலில் நின்று, "மெதுவா, மெதுவா. பிள்ளையள் முதல். அம்மா, உங்கடை இடம் வலப்பக்கம்," என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினார். உள்ளே இருட்டுக்குள் அவருடைய குரல் மட்டும் கேட்டது. "இப்ப ஒருக்காச் சுத்துவான். பேந்து பதிவான். சத்தம் வரும், மண் கொட்டும். பேந்து போயிடுவான்." அப்படியே நடந்தது. மேலே ஏறி வந்ததும், மிச்ச நுரையை விரலால் வழித்துச் சவரப் பேணிக்குள் போட்டு வைத்தார். சவுக்காரம் விற்ற விலையில் யார் எறிவார்கள்?

அதற்குப் பிறகு மணி அடித்தால் ஒருவரும் சிரிப்பதில்லை. நேரத்துக்கு வந்து நின்றார்கள். நானும்தான்.

என் அம்மாவும் வருவார், ஆனால் படலைக்கு இந்தப் பக்கம், எங்கள் வளவுக்குள் நின்றுதான் கேட்பார். அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் கப்பல் அண்ணையைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. விடிய ஐந்துக்குத் தலை தோய்ந்து, திருநீறு பூசி, ஆசாரத்தில் ஒரு இம்மி பிசகாத மனுசி. கடற்கரை ஆட்களின் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொடுக்கவென்று தனியாக ஒரு கண்ணாடித் தம்ளர் விறாந்தை யன்னல் கட்டில் கவிழ்த்திருக்கும். அதை வேறு யாரும் தொடமாட்டார்கள். நான் சண்டை போட்டிருக்கிறேன். "என்ரை காலம் முடியட்டும், பேந்து நீ எல்லாரையும் குசினிக்குள்ளை ஏத்து," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்தத் தம்ளரைப் பார்த்தாலே உடம்பு எரியும்.

கப்பல் அண்ணை முதல் தரம் வந்தபோது அம்மா அதில்தான் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். அவர் தம்ளரை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எனக்கெண்டே வைச்சதோ அம்மா?"

"ஓம்," என்றார் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

"பாத்தீங்களே தங்கச்சி! எங்கடை கப்பல்லையும் இப்பிடித்தான். ஒவ்வொரு பெரிய மனுசருக்கும் அவரவற்றை போத்தல், அவரவற்றை இலக்கம். இன்னொருத்தர் தொடேலாது." அடுத்த முறை வரும்போது ஒரு ஆணியைக் கொண்டுவந்து தம்ளரின் அடியில் 'ஏழு' என்று கீறிவிட்டுப் போனார். அது அவர் பார்த்த அறைகளில் முதலாவதின் இலக்கமாம். தெரிந்துதான் செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அந்தக் கப்பலின் கதையில் தீராத ஆசை. கடலில் கால் வைக்கமாட்டார், கடல்நீரேரிக் கரையில் பிறந்து வளர்ந்தும் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. "காலுக்குக் கீழை நிலம் இல்லாத இடத்திலை மனுசருக்கு என்ன வேலை?" என்பார். ஆனால் கதை கேட்கவேண்டும்.

"தம்பி, அந்தப் பறவையளைச் சொல்லும்."

"பென்குயினோ அம்மா? கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்குப் பேசுற அப்புக்காத்து மாதிரி நிக்கும். ஆயிரக்கணக்கிலை. நாங்கள் இறங்க முதலே சட்டம் சொல்லிப்போடுவினம். கிட்டப் போகக்கூடாது. தொடக்கூடாது. அதுகள் வழியிலை வந்தா நாங்கள்தான் விலகி நிக்கவேணும். அதுகளின்ரை இடத்திலை ஒண்டும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது. போக முதல் காலைக் கழுவவேணும், வந்தாப் பிறகும் கழுவவேணும்."

அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்ல ஆசாரம்!"

வேலிக்கு அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அப்ப அதுகளும் அரியாலைப் பெரிய ஆக்கள்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குசினிக்குள் ஓடிவிட்டேன். அம்மாவுக்கு விளங்கியதா? விளங்கியிருக்கும். அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போய் வரவே இரண்டு இடத்தில் இருக்கவேண்டியிருந்தது. ஆசுபத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருதயத்தில் ஒரு வால்வு சரியாகப் பூட்டுவதில்லை, கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்யவேண்டும், செய்யாவிட்டால் அடுத்த மாரியைக் காணமாட்டா என்றார். கொழும்புக்கு அப்போது ஒரே வழிதான். கிளாலியில் இரவோடு இரவாக வள்ளம் ஏறி, நேவியின் கண்ணில் படாமல் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும்.

"செத்தா இந்த நிலத்திலை சாவன்," என்றார் அம்மா. "வள்ளத்திலை ஏறன்."

அழுதேன். கத்தினேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். அசையவில்லை. கடைசியில் வேலியால் எட்டிப் பார்த்து அக்காவிடம் சொல்லி அழுதேன். அடுத்த நாள் காலையில் கப்பல் அண்ணை கஞ்சிச் சேட்டோடு எங்கள் விறாந்தையில் வந்து நின்றார். அந்த நாட்களில் அவர் இடைக்கிடை மச்சானின் வள்ளத்தைக் கிளாலியில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் உங்களை வரச் சொல்லிக் கேக்க வரேல்லை. வந்தா என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். கேக்கலாமோ?"

கதை என்றால் அம்மா மறுக்கமாட்டார். இருந்துகொண்டார்.

ஒரு கிழமை சொன்னார். கரையிலிருந்து வள்ளம் வரைக்கும் தண்ணீர் எவ்வளவு, அடியில் சேறா மணலா, வள்ளத்தில் எந்தப் பலகை ஆடாது, மோட்டர் தொடங்கும்போது என்ன மணம் வரும், எந்த இடத்தில் அலை கொஞ்சம் தூக்கும். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தால் மணக்கத் தேசிக்காய். குளிருக்குப் போர்வை. அம்மாவின் கேள்விகளும் சளைத்தவையல்ல. "அவசரத்துக்கு எங்கை போறது?" "போக முதல் போகவேணும் அம்மா. அதுக்குத்தான் முன்னமே சொல்லுறது."

பிறகு பயிற்சி. எங்கள் மாட்டுத் தொட்டிதான் வள்ளம். தொட்டியின் விளிம்பில் இருந்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே போடவேண்டும். மாடு ஒரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா ஆறாந் தரத்தில் வடிவாகச் செய்தார். எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஏறுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குப் பெயர் கப்பல் பிடி. வள்ளத்தில் நிற்கிறவரும் ஏறுகிறவரும் உள்ளங்கையைப் பிடிக்கக்கூடாது, ஈரத்தில் வழுக்கும். அவருடைய மணிக்கட்டுக்கு மேலே இவர் இறுக்கிப் பிடிக்கவேண்டும், இவருடையதை அவர். ஒருவர் விட்டாலும் மற்றவர் விடமாட்டார். பனிக்கடலில் கோடீசுவரக் கிழவிகளை அவர் இப்படித்தான் ஏற்றி இறக்கினாராம். கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பிடி, நான் உன்னைப் பிடிக்கிறன்," என்றார்.

அப்படியே செய்தோம். அவருடைய கையை நான் பிடிக்க, என் மறு கையை அம்மா பிடிக்க, மூன்று பேரும் மாட்டுத் தொட்டிக்குள் ஏறினோம். அண்ணையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அம்மா, அங்கை ஒரு ஆளுக்கு ஒரு கைதான். நடுவிலை இன்னொருத்தர் நிக்க ஏலாது. வள்ளம் சரியும்."

"அதை அங்கை பாப்பம்."

"முன்னமே சொல்லிப்போட்டன் அம்மா. என்ரை கை பிடியாமல் ஏற ஏலாது."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வால்வாவது, கடலாவது. அந்த ஒரு சாண் கைதான் என் கண்ணுக்குள் நின்றது.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் நாளை விவரம் எங்களுக்கென்றே நடந்தது. அண்ணை வழக்கம்போல் ஆபத்துப் பகுதியில் தொடங்கினார். "வள்ளத்துக்குள்ளை தண்ணி வந்தா..."

"வாயை மூடும்!" அம்மா கத்திவிட்டார். "வெளிக்கிடுற நேரத்திலை உதென்ன கதை? நல்ல வாய் ஒண்டு சொல்லத் தெரியாதோ உமக்கு?"

எங்கள் ஊரில் பயணம் போகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பதே குற்றம். இவர் வள்ளம் தாழுகிற கதை சொல்லுகிறார். அண்ணை பேணியைக் கீழே வைத்தார். ஆபத்துப் பகுதியை அவர் சொல்லாமல் விட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"சரி அம்மா. அப்ப நல்லது மட்டும். கப்பல்லை ஏறுற முதல் நாள் ஆக்களின்ரை இடத்திலை ஒரு மிருகம் வந்து இருக்கும். உங்களுக்கும் இருக்கும். பயப்பிட வேண்டாம்."

"மிருகமோ? முருகா! என்ன மிருகம்?"

"அதை மட்டும் சொல்லமாட்டன்."

அடுத்த நாள் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு காரில், புகையைக் குடித்துக்கொண்டு கிளாலிக்குப் போய்ச் சேர்ந்தோம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கரை முழுக்கச் சனம், பை, பெட்டி, அழுகிற பிள்ளைகள். வயது போனவர்களைப் பெடியள் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அம்மாவிடமும் வந்தான். "ஆச்சி, வாங்கோ, ஒரு தூக்கிலை ஏத்திவிடுறன்."

"என்னைத் தொட்டியோ, தண்ணிக்குள்ளை குதிச்சிடுவன்!"

அவன் பயந்து ஓடினான். நான் அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். முழங்கால் வரைக்கும் வந்தார், அண்ணை சொன்ன மணலில் கால் வைத்து. வள்ளத்தடியில் நின்றுவிட்டார். வள்ளத்தின் முன் அணியத்தில் கப்பல் அண்ணை, அந்தக் கூட்டத்துக்குள்ளும் வெள்ளைச் சேட்டு, குனிந்து கையை நீட்டினார். அம்மா அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். "ஏறுங்கோவன் அம்மா! இருட்டுது!" அம்மாவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். திரும்பினால் எல்லாம் முடிந்தது.

"அம்மா, உங்கடை இடத்தைப் பாருங்கோ," என்றார் அண்ணை.

வள்ளத்தின் நடுப்பலகையில், ஒரு போர்வையின் மேல், வெள்ளைத் துவாயில் மடித்த யானை ஒன்று குந்தியிருந்தது. இரண்டு பெரிய காது. நெஞ்சில் சுருண்ட தும்பிக்கை. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி.

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"பிள்ளையாரப்பா," என்றார். "எனக்கு முன்னமே ஏறி இருக்கிறீரே!"

இரண்டு கையாலும் கும்பிட்டார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கப்பல் அண்ணையின் மணிக்கட்டுக்கு மேலே, சொல்லிக்கொடுத்தபடியே, ஒரே பிடி. விளிம்பில் இருந்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி, உள்ளே. மாட்டுத் தொட்டியில் செய்ததைவிடத் திறமாகச் செய்தார்.

இருட்டில் போனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூரத்தில் நேவிப் படகின் வெளிச்சம் ஒன்று தெரிந்த இடத்தில் மோட்டரை நிறுத்தி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு கையால் யானையை மடியில் அணைத்திருந்தார். மறு கை, மோட்டரடிக்குப் போகவேண்டிய மனிதரை விடவேயில்லை. பாவம், மச்சான்தான் அன்றைக்கு வள்ளத்தை ஓட்டினார். அக்கரையில் இறங்கியபோது அண்ணையின் கையில் அம்மாவின் நகம் பதிந்த அடையாளம் இருந்தது.

யானையைப் பற்றிக் கேட்டேன். "பிள்ளையார் எண்டு தெரிஞ்சுதானே அண்ணை வைச்சனீங்கள்?"

"சேசுவே, நான் வேதக்காறன் தங்கச்சி! கப்பல்லை எல்லா அறையிலையும் வைக்கிறதுதானே." கண் சிரித்தது.

அம்மா கரையில் மூச்சு வாங்கி நின்று, அவரிடம் கேட்டார். "தம்பி, இனி அங்காலை என்ன நடக்கும்? ஆசுபத்திரியிலை?"

"அது நான் ஏறாத கப்பல் அம்மா. தெரியாமல் சொல்லக்கூடாது. ஒண்டு மட்டும் சொல்லுறன். திரும்பி வரேக்கை வாசல்லை துவாயும், குடிக்கச் சூடா ஒண்டும் இருக்கும். அது எங்கடை கப்பல். அது எனக்குத் தெரியும்."

ஒப்பரேஷன் நடந்தது. அம்மா பிழைத்தார். வார்டில் ஒரு தாதி யானையை உதறி முகம் துடைக்கப் போட்டுவிட, அம்மா பிடித்த ஆர்ப்பாட்டத்தில் டொக்டரே ஓடிவந்தார். நான்கு மாதம் கழித்து அதே ஏரியால் திரும்பினோம். அன்றைக்கு வேறு யாரோவின் வள்ளம். ஏறத் தயங்கிய ஒரு இளம் பெண்ணைப் பார்த்து அம்மா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "உள்ளங்கையைப் பிடியாதை பிள்ளை, வழுக்கும்! மணிக்கட்டுக்கு மேலை பிடி! காலை ரெண்டையும் ஒண்டாப் போடு!"

ஒழுங்கைக்குள் கார் திரும்பியபோது எங்கள் படலையடியில் கப்பல் அண்ணை நின்றார். கஞ்சிச் சேட்டு. முழங்கையில் துண்டு. உப்புத் தண்ணீர்ச் சட்டி. பக்கத்தில் அக்கா, கையில் ஒரு தட்டு. தட்டில் கப்பலிலிருந்து கொண்டுவந்த, நீலக் கோடு போட்ட வெள்ளைக் கோப்பை. அதை அவர்கள் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஆவி பறந்தது. ஒழுங்கைச் சனம் முழுக்க வேலிகளால் எட்டிப் பார்த்தது. எல்லோருக்கும் தெரியும், அம்மா அண்ணை வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் குடித்ததில்லை என்று.

அம்மா காலை நனைத்தார். இடுக்கி நீட்டிய துண்டால் முகத்தைத் துடைத்தார். பைக்குள்ளிருந்து குலைந்த துவாயை எடுத்துக் கொடுத்து, "பிள்ளையாரைக் குலைச்சுப்போட்டாளவை, திரும்பச் செய்து தாரும்," என்றார். அதுவரைக்கும் சரி. பிறகு கோப்பை.

இனி இது நடக்கும், இனி அது நடக்கும் என்று அண்ணையிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. தட்டை அக்காவிடமிருந்து வாங்கி நீட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா கோப்பையை எடுத்தார். ஊதினார். குடித்தார். அண்ணாந்து ஊற்றவில்லை, வாய் வைத்துக் குடித்தார்.

"சீனி காணாது," என்றார்.

"சங்கக்கடைக்காறி உங்கடை வீட்டிலைதானே இருக்கிறா," என்றார் அக்கா. "நிறுக்கிறவவைக் கேளுங்கோ!"

ஒழுங்கையே சிரித்தது. அம்மாவும் சிரித்து, மிச்சத்தையும் அடிவரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையை அவருடைய கையிலேயே கொடுத்தார்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்குச் சனம் படலையடியில் கூடியது. மணி அடிக்கவில்லை. காத்து நின்றோம். ஆறு மணியாகியும் இல்லை. நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். கப்பல் அண்ணை விறாந்தைக் கதிரையில், கழுவாத கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். பித்தளைப் பேணி காலடியில் கிடந்தது.

"அண்ணை, நாளை விவரம்?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. அக்காதான் எழும்பி வேலியடிக்கு வந்தார்.

"இண்டைக்கு விடுங்கோ பிள்ளை," என்றார் மெதுவாக. "இந்த மனுசனுக்கு இண்டைய நாளே இன்னும் முடியேல்லை."